நாள்பட்ட நுரையீரல் நோயில் உடல் எடை: குறைப்பதா, காப்பதா?

கேள்வி இதுதான். தந்தைக்கு வயது 68. பல ஆண்டுகள் புகைத்தவர், இப்போது விட்டுவிட்டார். சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் கடுமையான நிலையில் இருக்கிறது. பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறை குறியீட்டெண், 28. எடையைக் குறைத்தால் மூச்சிரைப்பு குறையும் என்கிறார் ஒரு மருத்துவர். இந்த நோயில் சற்றுப் பருமனாக இருப்பவர்கள்தாம் அதிக நாள் வாழ்கிறார்கள், எடையில் கை வைக்காதீர்கள் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

இருவர் சொல்வதற்கும் ஆதாரம் உண்டு. முதலாமவர், நோயாளி இன்று மாடிப்படி ஏறும்போது படும் பாட்டை நினைத்துச் சொல்கிறார். இரண்டாமவர், ஐந்து பத்து ஆண்டுகள் கழித்து யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற ஆய்வுக் கணக்கை வைத்துச் சொல்கிறார். என் கருத்தில், இருவருமே எடை இயந்திரம் காட்டும் எண்ணுக்குக் கொஞ்சம் அதிக மரியாதை கொடுத்துவிட்டார்கள். அந்த எடையில் தசை எவ்வளவு, கடந்த ஆறு மாதங்களில் எடை ஏறியதா இறங்கியதா என்ற இரண்டும் தெரியாமல், 28 என்ற எண்ணை மட்டும் பார்த்து ஒரு முடிவுக்கு வருவது சரியாகாது.

சிஓபிடி நோயாளிகளில் ஒரு சாரார் எலும்பும் தோலுமாக மெலிந்துபோவதையும், இன்னொரு சாரார் பருமனாக, உதடு நீலம் பாரித்து, கால் வீங்கி இருப்பதையும் மருத்துவர்கள் நெடுங்காலமாகவே கவனித்திருக்கிறார்கள். 1950-களில் இந்த இரு தோற்றங்களுக்கும் பட்டப்பெயர்களே சூட்டப்பட்டுப் பாடப்புத்தகங்களில் இடம்பெற்றன. ஆனால் மெலிவு என்பது நோயின் முகம், அதை மாற்ற முடியாது என்றுதான் அப்போது கருதினார்கள். ஆக்சிஜன் போதாத உடல் தன் தேவையைத் தானே சுருக்கிக்கொள்கிறது, ஆகவே மெலிவது ஒரு வகையில் உடல் செய்யும் தற்காப்பு என்று வாதிட்டவர்களும் உண்டு. இந்த எண்ணம் 1990-களின் இறுதியில்தான் உடைந்தது. நெதர்லாந்தில் அன்னெமி ஸ்கோல்ஸ் குழுவினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், பிஎம்ஐ 25-க்குக் கீழே போகப்போக இறப்பு அபாயம் கூடுவது தெரிந்தது. அதைவிட முக்கியமான செய்தி, எட்டு வார உணவுச் சிகிச்சையில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை கூடியவர்கள், கூடாதவர்களைவிட அதிக காலம் வாழ்ந்தார்கள் என்பது. எடை கூடியதால்தான் அவர்கள் வாழ்ந்தார்களா, அல்லது எடை கூடும் அளவுக்கு உள்ளே வலு மிச்சம் இருந்தவர்கள் எப்படியும் வாழ்ந்திருப்பார்களா என்பதை அந்த ஓர் ஆய்வால் தீர்க்க முடியாது. ஆயினும், மெலிவைத் தலைவிதி என்று விட்டுவிடும் வழக்கம் அத்துடன் முடிவுக்கு வந்தது.

டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகர மக்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு இந்தத் துறைக்குத் தந்தது ஏராளம். 1999-இல் அதிலிருந்து வந்த கட்டுரை ஒரு நுணுக்கத்தைக் காட்டியது. நோய் லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தவர்களில், இயல்பான எடையோ சற்று அதிக எடையோ உள்ளவர்கள் நன்றாக இருந்தார்கள். நோய் கடுமையாக இருந்தவர்களிடையேதான், அதிக எடையும் பருமனும் கொண்டவர்களின் ஆயுள் மெலிந்தவர்களின் ஆயுளைத் தெளிவாக விஞ்சியது. அதாவது, பருமனே நல்லது என்று எல்லாச் சிஓபிடி நோயாளிகளுக்கும் பொதுவாக யாரும் சொல்லவில்லை. நோய் முற்றமுற்ற மெலிவின் ஆபத்து பெரிதாகிக்கொண்டே போகிறது என்பதே அந்த ஆய்வின் சாரம். பிரான்சில் வீட்டிலேயே நீண்டகால ஆக்சிஜன் எடுத்துக்கொண்ட நோயாளிகளின் பதிவுகளும் இதே போக்கைக் காட்டின. அங்கே பிஎம்ஐ 30-க்கு மேல் இருந்தவர்களே அதிக காலம் வாழ்ந்தார்கள்.

2004-இல் பார்த்தலோமே செல்லி குழுவினர் உருவாக்கிய போட் குறியீடு, உடல் எடையை நுரையீரல் அளவீடுகளுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தது. இதில் நான்கு அம்சங்கள் உண்டு. பிஎம்ஐ, ஒரு நொடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவான எஃப்இவி1, மூச்சிரைப்பின் தீவிரம், ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் ஆகிய நான்கையும் சேர்த்துப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுகிறார்கள். எண் கூடக்கூட ஆபத்து அதிகம். பிஎம்ஐ 21 அல்லது அதற்குக் கீழே என்றால் ஒரு புள்ளி சேரும், 21-க்கு மேல் என்றால் ஒன்றுமில்லை. மேல்பக்கம் எவ்வளவு பருமனாக இருந்தாலும் புள்ளி சேராது என்பதைக் கவனிக்க வேண்டும். 18.5 வரை இறங்கினாலும் இயல்பு என்று பொதுவாகச் சொல்லப்படும் நிலையில், இந்த நோயில் 20 என்பதே எச்சரிக்கைக்குரிய எண்ணாகிவிடுகிறது.

ஏன் மெலிகிறார்கள்? இதற்கு ஒற்றைக் காரணம் இல்லை. காற்று உள்ளேயே சிக்கி நுரையீரல் உப்பிவிடுவதால், நுரையீரலுக்கு அடியிலுள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் தட்டையாகி, வசதியற்ற நிலையில் இருந்துகொண்டு சுருங்க வேண்டியிருக்கிறது. சாதாரணமாக நாம் உணராமலேயே நடக்கும் சுவாசம், இவர்களுக்கு நாள் முழுவதும் ஓயாத உடலுழைப்பு. அதற்கான சக்திச் செலவு ஆரோக்கியமானவரைவிடப் பல மடங்கு. இரத்தத்தில் நீடிக்கும் அழற்சி தசைப் புரதத்தைச் சிதைக்கிறது. மூச்சிரைப்புக்குப் பயந்து நடமாட்டத்தைக் குறைப்பதால் கால் தசைகள் மேலும் சூம்புகின்றன. நோய் திடீரென முற்றி மருத்துவமனையில் சேரும் ஒவ்வொரு முறையும், படுக்கையும் பசியின்மையும் மாத்திரையாகவோ ஊசியாகவோ கொடுக்கப்படும் ஸ்டீராய்டும் சேர்ந்து சில நாட்களிலேயே கணிசமான தசையைக் கரைத்துவிடுகின்றன. வீடு திரும்பிய பின் அது முழுவதும் திரும்பி வருவதில்லை.

இவற்றோடு, குடும்பத்தினர் கண்ணில் படாத ஒன்று சாப்பாட்டு நேரத்தில் நடக்கிறது. விழுங்கும் ஒவ்வொரு முறையும் மூச்சு ஒரு கணம் நின்றாக வேண்டும். நிமிடத்துக்கு இருபத்தைந்து முப்பது முறை மூச்சு வாங்குபவருக்கு அந்த ஒரு கணமே பெரிய இழப்பு. நாலு வாய் உண்டதும் கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, இரு கைகளையும் மேசையில் ஊன்றி, உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டிருப்பார். பிறகு இன்னும் இரண்டு வாய். உப்பிய நுரையீரல் மேலிருந்து அழுத்துவதால் வயிறு சீக்கிரமே நிறைந்துவிட்டதுபோல் தோன்றும். பாதித் தட்டு அப்படியே இருக்கும். பசியில்லை என்பார். உண்மையில் பசி இருக்கிறது, சாப்பிடத்தான் மூச்சில்லை. மென்று உண்ணச் சிரமமில்லாத உணவைச் சிறு அளவில் பலமுறை கொடுப்பது, சாப்பாட்டுக்கு முன் சற்று ஓய்வெடுப்பது, மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலரின் வேளையைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னதாக அமைத்துக்கொள்ள முடியுமா என மருத்துவரிடம் கேட்பது, ஆக்சிஜன் பரிந்துரைக்கப்பட்டவராயின் சாப்பிடும்போதும் மூக்குக் குழாயைக் கழற்றாமல் இருப்பது ஆகியவை அற்பமாகத் தெரியும். விலையுயர்ந்த சத்துமாவு டப்பாவைவிட இவை பல நேரங்களில் அதிகப் பலன் தரும்.

இனி, குண்டானவர்கள் அதிக நாள் வாழ்வது ஏன் என்ற விஷயத்துக்கு வருவோம். ஆய்வுலகம் இதைப் பருமன் முரண் என்று அழைக்கிறது. கொழுப்பு நுரையீரலைக் காப்பாற்றுகிறது என்று இதற்குப் பொருள் கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. முதலாவதாக, காரணகாரியம் தலைகீழாக இருக்கலாம். கடும் நோய் எடையைக் குறைக்கிறது, கடும் நோயே உயிரையும் பறிக்கிறது. அப்படியானால் மெலிவு பழியை வாங்கிக்கொள்ளும் சாட்சி மட்டுமே. இரண்டாவதாக, வயிற்றுக் கொழுப்பும் மார்புச் சுவரின் எடையும் எஃப்இவி1-ஐக் கொஞ்சம் இறக்கிக் காட்டும். ஆகவே ஊதும் காற்றை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையில் ஒரே எண்ணைப் பெறும் மெலிந்தவரையும் பருமனானவரையும் ஒப்பிட்டால், பருமனானவரின் நுரையீரல் உண்மையில் அவ்வளவு கெட்டிருக்காது. மெலிந்தவர்களில் நுரையீரல் திசுவே சிதைந்துபோன எம்ஃபிசீமா வகையினர் அதிகம் என்பதும் இந்தக் கணக்கில் சேரும். மூன்றாவதாக, பருமனாக இருப்பவர்களிடம் பெரும்பாலும் தசையும் கூடுதலாகவே இருக்கிறது. நோய் முற்றிப் பத்து நாள் உண்ணாமல் கிடக்க நேர்ந்தால் தாக்குப்பிடிக்க அவர்களிடம் ஒரு கையிருப்பு உண்டு. பருமன் காற்று உள்ளே சிக்குவதைக் குறைத்து நுரையீரல் உப்புவதைச் சற்றுத் தணிக்கிறது என்பதும் உடலியங்கியல் அளவீடுகளில் தெரிந்திருக்கிறது. இது ஒன்றைத்தான் கொழுப்பின் நேரடி உதவி என்று சொல்லலாம்.

மறுபக்கத்தில் பருமன் செய்யும் கெடுதல்கள் உள்ளன. நடக்கும்போது சுமக்க வேண்டிய எடை கூடுவதால் அதே தூரத்துக்கு அதிக ஆக்சிஜன் வேண்டும், ஆறு நிமிட நடைத் தூரம் குறையும். உறக்கத்தில் மூச்சு தடைபடும் ஸ்லீப் ஆப்னியா சிஓபிடியோடு சேர்ந்துகொண்டால், இரவில் ஆக்சிஜன் ஆழமாக இறங்கி, இதயத்தின் வலப்பக்கத்துக்குச் சுமை ஏறுகிறது. நீரிழிவும் இதய நோயும் தனிக் கணக்கு. சிஓபிடி லேசாக உள்ளவர்களில் பலர் நுரையீரலால் அல்ல, இதய நோயாலும் புற்றுநோயாலும் இறக்கிறார்கள் என்பதால், அந்த நிலையில் பருமனை வரவேற்க எந்தக் காரணமும் இல்லை.

இனி தசை. பிஎம்ஐயின் பெரிய குறையே அது தசையையும் கொழுப்பையும் நீரையும் பிரித்தறியாது என்பதுதான். உடல் எடையிலிருந்து கொழுப்பைக் கழித்து மீதியை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால், கொழுப்பற்ற நிறைக் குறியீடு கிடைக்கும். ஆண்களுக்கு 16-க்கும் பெண்களுக்கு 15-க்கும் கீழே இருந்தால் தசைக் குறைவு என்று இந்தத் துறையில் கொள்வது வழக்கம். இதே கோபன்ஹேகன் மக்களிடம் அளந்து 2006-இல் வெளியிட்டபோது, பிஎம்ஐ இயல்பாக இருந்த சிஓபிடி நோயாளிகளில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்குக் கொழுப்பற்ற நிறை மிகக் குறைவாக இருந்தது. பார்வைக்குச் சரியான எடைதான், உள்ளே தசை போய்விட்டது. அத்தகையவர்களின் இறப்பு அபாயமும் கூடுதலாகவே இருந்தது. தொடைத் தசையின் குறுக்குப் பரப்பை ஸ்கேனில் அளந்த கனடா ஆய்வு ஒன்றும், மெலிந்த தொடை பிஎம்ஐயைவிடத் தெளிவாக ஆபத்தைக் காட்டுகிறது என்றே சொன்னது.

இதைக் கண்டறிய எல்லோருக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. நெற்றியின் இரு பக்கப் பொட்டுப் பகுதியில் குழி விழுந்திருக்கிறதா, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதை வற்றியிருக்கிறதா, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார முடிகிறதா என்று பாருங்கள். வயிறு முன்தள்ளியிருக்க, கையும் காலும் குச்சியாகியிருந்தால், பிஎம்ஐ 28 என்பது ஏமாற்று எண். நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டவர்களிடம் இந்தத் தோற்றம் சகஜம். எண்ணைக் கெடுக்கும் இன்னொன்று நீர். இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்து காலில் நீர் கோத்திருந்தால், தசை கரைந்துகொண்டிருக்கும்போதே எடை கூடுவதுபோலத் தோன்றும். கணுக்காலுக்கு மேல் எலும்பின் மீது கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்தி எடுத்தால் குழி நிற்கிறதா என்று பார்ப்பது ஒவ்வொரு முறை எடை பார்க்கும்போதும் சேர்ந்தே நடக்க வேண்டிய காரியம்.

எடை எந்தத் திசையில் நகர்கிறது என்பது, கேட்டவரின் தந்தைக்கு நேரடியாகப் பொருந்தும் விஷயம். கோபன்ஹேகன் தரவுகளில் ஐந்தாண்டு இடைவெளியில் எடை மாறியவிதத்தை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். எடை இழந்தவர்களின் இறப்பு விகிதம் கூடியது. கடுமையான சிஓபிடி உள்ளவர்களில், பிஎம்ஐ 25-க்குக் கீழே இருந்தவர்களுக்கு எடை கூடுவதே நல்லதாக அமைந்தது. 25-க்கு மேல் இருந்தவர்களுக்கு, கூடாமலும் குறையாமலும் அதே எடையில் நிலைத்திருப்பதே சிறந்ததாக அமைந்தது. அந்த எடை இழப்பில் திட்டமிட்டுக் குறைத்தது எவ்வளவு, தானாகக் குறைந்தது எவ்வளவு என்று பிரிக்கப்படவில்லை என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் 68 வயதில், கடுமையான நோயோடு, பிஎம்ஐ 28-இல் இருப்பவரைப் பட்டினிக் கட்டுப்பாட்டில் போட அந்தத் தரவுகள் இடம் தரவில்லை என்பதே என் கணிப்பு.

பிற நுரையீரல் நோய்களிலும் எடையின் பங்கு தெரிகிறது, ஆனால் ஒரே மாதிரி இல்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பிறவி நோயில் இந்தத் தொடர்பு மிகத் துலக்கமானது. 1988-இல் கனடாவின் டொராண்டோ, அமெரிக்காவின் பாஸ்டன் ஆகிய இரு நகரங்களின் சிகிச்சை மையங்களை ஒப்பிட்டபோது, நோயாளிகளின் நுரையீரல் திறன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனால் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் எட்டும் வயது, டொராண்டோவில் 30 ஆண்டு, பாஸ்டனில் 21 ஆண்டு. அக்காலத்தில் பெரும்பாலான மையங்கள் கொழுப்பைக் குறைக்கச் சொல்ல, டொராண்டோவில் கொழுப்பு செரிக்க உதவும் கணைய நொதிகளைத் தாராளமாகக் கொடுத்துக் கொழுப்பு நிறைந்த உணவை உண்ண வைத்தார்கள். அங்கிருந்த பிள்ளைகள் உயரமாகவும் எடையோடும் வளர்ந்தார்கள். அந்த ஒப்பீட்டுக்குப் பிறகு இந்நோயின் உணவுமுறையே உலகெங்கும் மாறியது. வயது வந்த பெண்களுக்குப் பிஎம்ஐ 22, ஆண்களுக்கு 23 என்று இலக்கு வைக்கும் வழக்கமும் வந்தது. புதிய மருந்துகள் வந்தபின் அதே நோயாளிகளில் சிலர் பருமனாகிக்கொண்டிருப்பது இப்போதைய தலைவலி. நுரையீரல் நாரிழையாக இறுகும் நோயில் மாதக்கணக்கில் எடை இறங்குவது கெட்ட அறிகுறி. அதற்குக் கொடுக்கும் நிண்டெடனிப், பிர்ஃபெனிடோன் ஆகிய மருந்துகளே வயிற்றைக் கெடுத்துப் பசியைக் கொல்லும் என்பதால், குறைவது நோயாலா மருந்தாலா என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆஸ்துமாவில் நிலைமை நேர்மாறு. பருமன் அங்கே நோயைக் கட்டுக்கடங்காமல் செய்கிறது, எடை குறைத்தால் மூச்சும் தேறுகிறது. ஆகவே, மூச்சிரைப்பு என்று சொல்லி வரும் எல்லோருக்கும் ஒரே எடை ஆலோசனை செல்லாது.

மெலிந்தவர்களுக்குச் சிகிச்சை உண்டா? உண்டு, அளவோடு. உணவுக் கூடுதல் சத்து தந்த சோதனைகளை 2012-இல் ஒன்றுதிரட்டி ஆராய்ந்த, கோக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, குறிப்பாக ஊட்டம் குறைந்தவர்களிடம் எடை கூடுவதையும் சுவாசத் தசை வலு தேறுவதையும் கண்டது. பசியைத் தூண்டும் மெகெஸ்ட்ரால் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். பசி வந்தது, எடையும் கூடியது, ஆனால் கூடியது பெரும்பாலும் கொழுப்பு, நடக்கும் திறன் மாறவில்லை. தசை வேண்டுமென்றால் தசைக்கு வேலை கொடுத்தாக வேண்டும். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியில் கால், கைத் தசைகளுக்கு எடை தூக்கும் பயிற்சியைச் சேர்த்து, கூடவே உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தினமும் புரதம் உண்பதைத்தான் பெரும்பாலான வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தப் புரத அளவை மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். மாவுச்சத்து கரியமில வாயுவை அதிகம் உண்டாக்கும், ஆகவே சோறு, ரொட்டி எதையும் தொடாதீர்கள் என்ற பழைய அறிவுரை இன்னும் உலவுகிறது. தேவைக்கு மேல் கலோரியைத் திணிக்கும்போதுதான் அது பிரச்சினையாகிறது. இயல்பாக உண்பவரை அந்த அறிவுரை பயமுறுத்தியதில் கிடைத்த பலன் மேலும் மெலிவு மட்டுமே.

உண்மையிலேயே பருமனால் அவதிப்படுபவர்கள், அதாவது பிஎம்ஐ 30-ஐத் தாண்டி ஸ்லீப் ஆப்னியாவோ கட்டுப்படாத நீரிழிவோ உள்ளவர்கள், குறைக்கலாம். அவர்களுக்கும் நிபந்தனை ஒன்றுதான்: தசை போகக்கூடாது. ஆஸ்திரேலியாவில் பருமனான சிஓபிடி நோயாளிகளுக்குப் பன்னிரண்டு வாரம் கலோரியைக் குறைத்து, கூடவே தசைப் பயிற்சியும் கொடுத்தபோது, தசை இழப்பின்றி எடை குறைந்தது, மூச்சிரைப்பும் தணிந்தது. பயிற்சி இல்லாமல் உணவை மட்டும் வெட்டினால் கொழுப்போடு தசையும் போகும். இப்போது பரவலாகிவரும் எடைக்குறைப்பு ஊசிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஆகவே கேட்டவருக்கு நான் சொல்வது: தந்தையின் எடையைக் குறைப்பதை இப்போதைக்கு இலக்காக வைக்க வேண்டாம். அவர் குறட்டை விட்டு மூச்சு நின்று விழிக்கிறாரா, பகலில் தூங்கி வழிகிறாரா என்று கவனியுங்கள். அப்படியானால் உறக்கப் பரிசோதனை தேவை. முடிவு அதைப் பொறுத்து மாறலாம். மறுவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், தசை அளவை அங்கே பார்க்கலாம். வாரம் ஒருமுறை, காலைக்கடன் முடித்து, சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில், ஒரே இயந்திரத்தில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். முயற்சி எதுவுமின்றி மூன்று கிலோ குறைந்தால், இளைத்துவிட்டார் என்று மகிழாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். புகைத்தவரின் எடை காரணமின்றி இறங்கும்போது, சிஓபிடிதான் காரணம் என்று சொல்வதற்கு முன் நுரையீரல் புற்றுநோய், காசநோய், நீரிழிவு, தைராய்டு ஆகிய நான்கையும் விலக்கியாக வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர். கால் வீக்கத்தைப் பார்த்துவிட்டு அன்றே அழைத்துச் செல்லுங்கள்.